பத்து மதிப்பெண் எடுத்தால் லூபஸ்

உலகத்தில் இருக்கும் நோய்கள் அத்தனைக்கும் உலக சுகாதார நிறுவனம் ஓர் எண் போட்டு வைத்திருக்கிறது. ஐ.சி.டி. என்று அந்தப் பட்டியலைச் சொல்வார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் மூலையிலோ இன்ஷூரன்ஸ் படிவத்திலோ ஓர் எழுத்தும் இரண்டு மூன்று இலக்கங்களுமாக அது இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. அந்தப் பட்டியலின் பத்தாவது பதிப்பில் எம் 30 முதல் எம் 36 வரை ஒரு தொகுதி. தலைப்பு, 'உடல் முழுவதையும் தாக்கும் இணைப்புத் திசு நோய்கள்'. உள்ளே போய்ப் பார்த்தால் கூட்டம் கலவையானது. எம் 32 லூபஸ். எம் 33 தோலையும் தசையையும் சேர்த்துப் பிடிக்கும் டெர்மடோமயோசைட்டிஸ். எம் 34 தோல் இறுகிக் கெட்டியாகும் ஸ்க்ளீரோடெர்மா. எம் 35-இல் கண்ணும் வாயும் வறண்டுபோகும் ஷோக்ரென் நோய். எம் 30-இல், குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வந்து இதய ரத்தக்குழாயைப் பதம் பார்க்கும் காவாசாகி நோய். முடக்குவாதம் மட்டும் தனியாக எம் 05, எம் 06 என்று மூட்டு நோய்களோடு இருக்கிறது.

இவை எல்லாம் ஏன் ஒரே கூரையின் கீழ் வந்தன? தலைப்பைப் பார்த்தால் இணைப்புத் திசு கெட்டுப்போவதுதான் பொதுக் காரணம் என்று தோன்றும். அப்படி இல்லை.

எலும்பு, குருத்தெலும்பு, தசைநாண், தோலின் உள்ளடுக்கு, ரத்தக்குழாயின் சுவர் என்று உடம்பைத் தாங்கிப் பிடித்துச் சேர்த்து வைக்கும் பொருள்தான் இணைப்புத் திசு. அதில் பெரும்பகுதி கொலாஜன் என்ற நார்ப்புரதம். நம் உடம்பிலுள்ள மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுவே. 28 வகை கண்டுபிடித்திருக்கிறார்கள். இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் எலாஸ்டின் இன்னொரு புரதம். இந்தப் பொருளே பழுதாகி வரும் நோய்கள் இருக்கின்றன. 1896-இல் பாரிஸ் குழந்தை மருத்துவர் அந்துவான் மார்ஃபான், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கத்தை மீறி நீண்டு மெலிந்த கைகால் விரல்களைப் பற்றி எழுதினார். அவர் பெயரில் வழங்கும் நோய்க்கு ஃபைப்ரில்லின் என்ற புரதத்தின் மரபணுவில் உள்ள பிழையே காரணம் என்பது 1991-இல் தெரிந்தது. மகாதமனியின் சுவர் வலுவிழந்து ஒருநாள் கிழிந்துவிடுவதுதான் இதில் பயப்பட வேண்டிய விஷயம். தோல் ரப்பராக நீளும், மூட்டுகள் எந்தப் பக்கமும் வளையும் எலர்ஸ்-டான்லோஸ் நோய் ஒன்று. தும்மினால்கூட எலும்பு முறியும் நோய் ஒன்று. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த விக்டர் மெக்குசிக் 1956-இல் இவற்றையெல்லாம் திரட்டி ஒரு நூலே எழுதினார். கப்பலோடிகளைக் கொன்ற ஸ்கர்வியையும் இந்த வரிசையில் வைக்கலாம். வைட்டமின் சி இல்லாவிட்டால் கொலாஜன் இழைகளை முறுக்கி உறுதிப்படுத்த உடம்பால் முடியாது.

இவற்றில் ஒன்றுகூட எம் 30 முதல் 36 வரையிலான தொகுதியில் இல்லை. மார்ஃபான் நோய் பிறவிக் குறைபாடுகளோடு கியூ 87-இல் இருக்கிறது. ஸ்கர்வி சத்துக்குறைவுகளோடு ஈ 54-இல். இணைப்புத் திசு உண்மையிலேயே கெட்டுப்போனவர்கள் வெளியே நிற்க, கொலாஜன் மரபணுவில் ஒரு குறையும் இல்லாத லூபஸ் நோயாளிகள் உள்ளே இருக்கிறார்கள். லூபஸில் தவறு செய்வது நோய் எதிர்ப்பு மண்டலம். தன் செல்லையே அந்நியன் என்று நினைத்துத் தாக்குகிறது. இணைப்புத் திசு அடி வாங்கும் இடங்களில் ஒன்று, அவ்வளவே.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் ஒரு ரோஜா நிறக் கறை.

1942-இல் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் பால் க்ளெம்பெரர் என்ற நோயியல் நிபுணர் இருந்தார். இறந்தவர்களின் உறுப்புகளை மெல்லிய சீவல்களாக்கி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது அவர் தொழில். லூபஸில் இறந்தவர்களிடம் அவர் பார்த்தது புதிராக இருந்தது. சிறுநீரகம், இதய வால்வு, தோல், ரத்தக்குழாய் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இடங்களில் ஒரே மாதிரி சேதம். அதுவரை நோயை உறுப்பை வைத்துத்தான் பிரித்தார்கள்: இது சிறுநீரக நோய், அது இதய நோய். இங்கே எந்த உறுப்பைக் குற்றம் சொல்வது? எல்லா இடத்திலும் பொதுவாக இருந்தது கொலாஜன் இழைகளின் ஓரமாகத் திட்டுத்திட்டாகத் தெரிந்த, அமைப்பு கலைந்துபோன, ரோஜா நிறத்தில் சாயம் பிடித்த ஒரு பொருள். ஸ்க்ளீரோடெர்மாவிலும் கொலாஜனில் மாற்றம் இருந்தது. ஆகவே நோயின் இருப்பிடம் கொலாஜன் என்று முடிவு கட்டி, போலாக், பேர் என்ற இருவரோடு சேர்ந்து 'பரவிய கொலாஜன் நோய்' என்ற பெயரில் கட்டுரை வெளியிட்டார்.

அந்தக் கறை கெட்டுப்போன கொலாஜன் அல்ல; பெரும்பாலும் ரத்தக்குழாயிலிருந்து கசிந்து படிந்த ஃபைப்ரினும் ஆன்டிபாடிகளும். இது பின்னாளில் தெரிந்தது. ஆனால் பெயர் அதற்குள் பரவிவிட்டது. 1948 செப்டம்பரில் மேயோ க்ளினிக்கின் ஃபிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோன் ஊசி போட, சில நாளில் அவர் எழுந்து நடந்தார். ஹென்சுக்கு 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. லூபஸுக்கும் அதே மருந்து கேட்டது. ஒரே கறை, ஒரே மருந்து, எனவே ஒரே குடும்பம் என்று தோன்றுவது இயல்புதான். புரியாத நோயை எல்லாம் போட்டு வைக்க ஒரு கூடை கிடைத்துவிட்டது என்று மருத்துவர்கள் நிம்மதியடைந்தார்கள். இப்படி ஆகிவிடக்கூடும் என்று க்ளெம்பெரரே எச்சரித்தும் பலனில்லை. நம்மூர் டாக்டர்கள் பலர் இன்றும் 'கொலாஜன் வாஸ்குலர்' என்றுதான் சொல்கிறார்கள்.

எனக்கு க்ளெம்பெரர் மேல் குறையில்லை. அவர் பதில் தவறு, கேள்வி சரி. உறுப்புகளைத் தாண்டி ஒரு நோயைப் பார்க்க முடியும் என்று காட்டியவர் அவர். கையில் நுண்ணோக்கியும் சாயமும் மட்டும் இருந்ததால் கறையைப் பார்த்தார். அடுத்த தலைமுறையின் கையில் வேறு கருவி வந்தது, வகைப்பாடும் மாறியது.

அதே 1948-இல் மேயோவில் மால்கம் ஹார்க்ரேவ்ஸ், எலும்பு மஜ்ஜையின் மாதிரிகளில் ஒரு விசித்திரத்தைக் கண்டார். ஒரு வெள்ளையணு இன்னொரு செல்லின் உட்கருவை முழுதாக விழுங்கி வயிறு புடைத்து நின்றது. அதற்கு எல்.ஈ. செல் என்று பெயர் வைத்தார்கள். உட்கருவின் மேல் ஒட்டி அதை இரையாக்கிக் காட்டும் ஏதோ ஒன்று நோயாளியின் ரத்தத்தில் இருக்க வேண்டும் என்ற தேடலின் முடிவில், 1957 வாக்கில், உட்கருவுக்கு எதிரான ஆன்டிபாடி அகப்பட்டது. இன்று லேப் ரிப்போர்ட்டில் ஏ.என்.ஏ. என்று வருவது அதுதான்.

அந்தப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்துத் தூக்கம் கெடுகிறவர்கள் அதிகம். கண்ணாடிச் சில்லில் வட்ட வட்டமாகச் சில இடங்கள். ஒவ்வொன்றிலும் மனிதச் செல்கள் ஒட்டவைக்கப்பட்டிருக்கும். நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை ஒன்றுக்கு நாற்பது, ஒன்றுக்கு எண்பது, ஒன்றுக்கு நூற்று அறுபது என்று நீர்க்கச் செய்துகொண்டே போய் வட்டத்துக்கு ஒரு சொட்டு விடுகிறார்கள். சுமார் அரை மணி நேரம் கழித்துக் கழுவுகிறார்கள். உட்கருவில் ஒட்டும் ஆன்டிபாடி இருந்தால் அது மட்டும் கழுவலுக்குத் தப்பி நிற்கும். அதன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் சாயம் ஒன்றைச் சேர்த்து, இருட்டறையில் ஒளிர் நுண்ணோக்கி வழியே பார்த்தால், கறுப்புப் பின்னணியில் உட்கருக்கள் பச்சையாக மின்னும். எந்த நீர்ப்பு வரை மின்னுகிறதோ அதுதான் டைட்டர். 1:640 என்றால் அவ்வளவு நீர்த்தும் ஒளி போகவில்லை என்று பொருள்.

மின்னும் விதத்திலும் சேதி உண்டு. உட்கரு முழுக்க ஒரே சீராக ஒளிர்ந்தால் டி.என்.ஏ.வையோ அதைச் சுற்றிய புரதங்களையோ ஆன்டிபாடி பிடித்திருக்கிறது. லூபஸ் பக்கம் யோசிப்பார்கள். ஸ்க்ளீரோடெர்மாவின் ஒரு வகையில் குரோமோசோம்களின் இடுப்புப் பகுதியை மட்டும் ஆன்டிபாடி பிடிக்கும். அப்போது ஒவ்வோர் உட்கருவிலும் நாற்பதுக்கு மேல் தனித்தனிப் புள்ளிகள், கோலம் இழுக்குமுன் வைத்த புள்ளிகள் போலத் தெளிவாகத் தெரியும். பிரியும் செல்லில் அதே புள்ளிகள் நடுவே வரிசை கட்டி நிற்கும். இதில் இன்னொரு கதையும் இருக்கிறது. பரிசோதனைக்குப் பயன்படும் ஹெப்-2 என்ற செல் வகை, குரல்வளைப் புற்றுநோயிலிருந்து எடுக்கப்பட்டது என்று பல காலம் நம்பப்பட்டது. மரபணுவைப் பார்த்தபோது, 1951-இல் பால்டிமோரில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸின் செல்கள் ஆய்வகத்தில் கலந்து அதை ஆக்கிரமித்திருந்தது தெரிந்தது. நாம் ஏ.என்.ஏ. பார்க்கும்போதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பெண்மணியின் செல்கள்மீதுதான் பார்க்கிறோம்.

பயப்படுமுன் ஒரு கணக்கு. 1997-இல் பல ஆய்வகங்கள் சேர்ந்து ஆரோக்கியமானவர்களிடம் ஏ.என்.ஏ. பார்த்தன. 1:40 அளவில் பத்துக்கு மூன்று பேருக்கு பாசிட்டிவ். 1:80-இல் நூற்றுக்கு 13 பேர். 1:320-இல்கூட நூற்றுக்கு 3 பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. லூபஸோ ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருந்தாலே அதிகம். உடம்பு வலி என்று போனவருக்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஏ.என்.ஏ. எழுதிக் கொடுப்பது வீண் வேலை என்பது என் கருத்து. நெகட்டிவ் ரிப்போர்ட் லூபஸ் இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லும். பாசிட்டிவ் ரிப்போர்ட் தனியாக ஒன்றும் சொல்லாது.

ஏ.என்.ஏ.வுக்குப் பிறகு குறிப்பிட்ட இலக்குகள் மீதான ஆன்டிபாடிகள் ஒவ்வொன்றாக வந்தன. எஸ்.எம்., ரோ, லா, ஜோ-1 எல்லாம் முதலில் அந்த ஆன்டிபாடி அகப்பட்ட நோயாளிகளின் பெயரிலிருந்து எடுத்த எழுத்துகள். ரோ, லா இரண்டையும் வேறோர் ஆய்வகம் எஸ்.எஸ்.ஏ., எஸ்.எஸ்.பி. என்று தனியே பெயரிட, ரோவும் எஸ்.எஸ்.ஏ.வும் ஒன்று, லாவும் எஸ்.எஸ்.பி.யும் ஒன்று என்று பிற்பாடு புரிந்தது. லேப் ரிப்போர்ட்டில் இன்றும் இரண்டு பெயரையும் சாய்கோடு போட்டு அச்சிடுகிறார்கள். எஸ்.எம். ஆன்டிபாடி லூபஸில் தவிர மற்றவற்றில் அரிது. ஜோ-1 இருந்தால் தசையோடு நுரையீரலையும் பார்க்க வேண்டும். ரோ இருக்கும் பெண் கருவுற்றால் குழந்தையின் இதயத் துடிப்பைக் கண்காணிப்பார்கள். நூற்றில் ஒன்றிரண்டு கர்ப்பங்களில் அந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடி தாண்டிப் போய்ச் சிசுவின் இதயத்துக்குள் ஓடும் மின்பாதையைச் சேதப்படுத்தும். அம்மாவுக்கு ஒரு தொந்தரவும் இல்லாமலே இது நடக்கலாம்.

நோயாளிகளின் ரத்தம் உயிரியலுக்குச் செய்த உதவியையும் சொல்ல வேண்டும். 1979-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஸ்டைட்ஸும் மைக்கேல் லெர்னரும் லூபஸ் நோயாளிகளின் சீரத்தைத் தூண்டிலாகப் பயன்படுத்திச் செல்லுக்குள்ளிருந்து சில சிறிய ஆர்.என்.ஏ.-புரதக் கூட்டுகளை இழுத்தெடுத்தார்கள். மரபணுச் செய்தியில் வேண்டாத பகுதியை வெட்டி வேண்டியதை ஒட்டும் இயந்திரத்தின் பாகங்கள் அவை. உயிருக்கு அத்தியாவசியமான அந்த இயந்திரத்தை விஞ்ஞானிகளுக்கு முன்பே லூபஸ் நோயாளிகளின் உடம்பு அடையாளம் கண்டு தாக்கிக்கொண்டிருந்தது.

ஆன்டிபாடி கையில் வந்தும் ஒருவருக்கு லூபஸ்தானா என்று சொல்வது சுலபமாகவில்லை. ஒருத்திக்கு மூட்டுவலி, இன்னொருத்திக்கு வலிப்பு, மூன்றாமவளுக்கு ரத்தத் தட்டணு குறைவு. மூவருக்கும் ஒரே பெயர். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. ஒரு மருந்தைச் சோதிக்க வேண்டுமென்றால் டோக்கியோவிலும் டெட்ராய்ட்டிலும் சேரும் நோயாளிகள் ஒரே நோயுடையவர்களாக இருக்க வேண்டுமே. அதற்காகத்தான் 1971-இல் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் 14 அம்சப் பட்டியல் ஒன்று போட்டார்கள். நாலு இருந்தால் லூபஸ். அதில் எல்.ஈ. செல் இருந்தது, ஏ.என்.ஏ. இல்லை. 1982-இல் பட்டியல் 11 ஆனது, ஏ.என்.ஏ. நுழைந்தது. 1997-இல் எல்.ஈ. செல் நீக்கப்பட்டது.

பதினொன்றில் நாலு என்ற கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. முகத்தில் பட்டாம்பூச்சி வடிவில் தடிப்பு, வட்டத் தழும்பு, வெயில் ஒவ்வாமை, வாய்ப்புண் என்ற நாலும் தனித்தனி அம்சங்கள். தோலைத் தாண்டி வேறெங்கும் தொந்தரவில்லாதவர் நாலையும் வாங்கித் தேறிவிடலாம். சிறுநீரகத்தை ஊசியால் துளைத்து எடுத்த சதையில் லூபஸ் பச்சையாகத் தெரிந்தும், வேறு அறிகுறி போதாத காரணத்தால் இன்னொருவர் தேறாமல் போகலாம்.

2019-இல் ஐரோப்பிய, அமெரிக்கச் சங்கங்கள் சேர்ந்து இதைச் சரிசெய்தன. இப்போது நுழைவுத் தகுதி, ஏ.என்.ஏ. ஒருமுறையாவது 1:80 அல்லது அதற்குமேல் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் எடைக்கேற்ற மதிப்பெண். காய்ச்சலுக்கு 2. வெள்ளையணு நாலாயிரத்துக்குக் கீழே போனால் 3. மூட்டு வீக்கத்துக்கு 6. டி.என்.ஏ. ஆன்டிபாடிக்கு 6. சிறுநீரகச் சதைப் பரிசோதனையில் மூன்றாம் அல்லது நாலாம் வகைச் சேதம் என்றால் அது ஒன்றுக்கே 10. மொத்தம் 10 எடுத்தால் லூபஸ் என்று வகைப்படுத்தலாம்.

ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 28. ஏ.என்.ஏ. தகுதி இருக்கிறது. காலையில் எழுந்தால் முக்கால் மணி நேரம் விரல்களை மடக்க முடியவில்லை, விரல் மூட்டுகள் தொட்டால் வலிக்கின்றன: 6. தலைமுடி கொத்தாகக் கொட்டுகிறது: 2. வாயில் புண், அதற்கும் 2. ஆனால் முடியும் வாய்ப்புண்ணும் தோல் பிரிவிலேயே வருகின்றன. ஒரு பிரிவுக்கு ஒரு மதிப்பெண்தான். ஆக 8. தேறவில்லை. அடுத்த மாதம் தெர்மாமீட்டர் 38.3 டிகிரி செல்சியஸைத் தாண்டி, தொற்று எதுவும் அகப்படவில்லை என்றால் 10. தேறிவிட்டாள். நேற்று இல்லாத நோய் இன்று வந்துவிட்டதா? இல்லை. இந்த மதிப்பெண் நோயைக் கண்டுபிடிக்க ஏற்பட்டதல்ல, ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்க ஏற்பட்டது. எட்டு மதிப்பெண்காரிக்கு அனுபவமுள்ள மருத்துவர் சிகிச்சையைத் தொடங்குவார், தொடங்கவும் வேண்டும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு 'உனக்கு இன்னும் இரண்டு மதிப்பெண் போதாது' என்று திருப்பி அனுப்புவது பட்டியலைத் தப்பாகப் புரிந்துகொள்வது.

அந்த விதிகளில் சின்ன எழுத்தில் இருக்கும் ஒரு வரி நம் ஊருக்கு மிக முக்கியம். லூபஸைவிடப் பொருத்தமான வேறு காரணம் இருந்தால் அந்த அறிகுறிக்கு மதிப்பெண் கிடையாது. காய்ச்சல், எடைக் குறைவு, நுரையீரல் உறையில் நீர் என்று வந்தால் தமிழ்நாட்டில் முதலில் காசநோயைத்தான் தேட வேண்டும். தட்டணு குறைந்தால் டெங்குவா என்று பார்க்க வேண்டும். சிக்குன்குனியா வந்து போனபின் மாதக்கணக்கில் மூட்டுவலி நிற்கும். தொழுநோய் தோலையும் மூட்டையும் பிடித்து, ஏ.என்.ஏ.வைக்கூட பாசிட்டிவ் ஆக்கிக் காட்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட் மாத்திரையே சிலருக்கு லூபஸ் மாதிரி ஒன்றை உண்டாக்கும்; மாத்திரையை நிறுத்தினால் அது போய்விடும். தோல் நிறமும் ஒரு சிக்கல். புத்தகங்களில் வரும் சிவந்த பட்டாம்பூச்சி வெள்ளைத் தோலில் பார்த்து எழுதியது. மாநிறத்திலும் கருநிறத்திலும் அது கரும்பழுப்பாகவோ ஊதா கலந்தோ இருக்கும். வெயில் கறுப்பு, மங்கு என்று க்ரீம் தடவிக்கொண்டே மாதங்கள் போய்விடுகின்றன.

இந்தப் பெட்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. 1972-இல் கோர்டன் ஷார்ப் 25 நோயாளிகளை விவரித்தார். லூபஸ், ஸ்க்ளீரோடெர்மா, தசை அழற்சி மூன்றின் சாயலும் அவர்களிடம் இருந்தது. விரல்கள் உப்பியிருந்தன. குளிரில் நிறம் மாறின. ரத்தத்தில் ஆர்.என்.ஏ.-புரதக் கூட்டுகளை எதிர்க்கும் ஆர்.என்.பி. ஆன்டிபாடி மிக உயர்ந்த அளவில் இருந்தது. 'கலப்பு இணைப்புத் திசு நோய்' என்று பெயர் வைத்து, இது ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கேட்கும் சாதுவான நோய் என்றார். பின்தொடர்ந்து பார்த்தபோது அவ்வளவு சாது இல்லை. நுரையீரல் ரத்த அழுத்தம் கூடிச் சிலர் இறந்தார்கள். சிலருடைய நோய் முழு ஸ்க்ளீரோடெர்மாவாக மாறியது. இது தனி நோயா, மற்ற நோய்களின் பாதி வழியா என்ற சண்டை அரை நூற்றாண்டாக ஓயவில்லை.

எதிலும் சேராதவர்களுக்கும் ஒரு பெயர் உண்டு. 1980-இல் கார்வைல் லீராய் 'இன்னும் பிரியாத இணைப்புத் திசு நோய்' என்றார். ஏ.என்.ஏ. இருக்கிறது, மூட்டுவலியோ விரல் வெளுப்போ இருக்கிறது, அதற்குமேல் ஒன்றுமில்லை. இவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குப் பிற்காலத்தில் பெயர் சொல்லக்கூடிய நோய் வரும், பெரும்பாலும் முதல் ஐந்தாண்டுக்குள். மற்றவர்கள் அப்படியே இருப்பார்கள், சிலருக்கு எல்லாம் மறைந்தும் போகும். யார் எந்தப் பக்கம் போவார்கள் என்று ஊகிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. ஃபிரிட்ஜைத் திறந்தாலோ ஏ.சி. அறையில் உட்கார்ந்தாலோ விரல் நுனி வெளுத்து, நீலமாகி, சிவந்து திரும்புகிறது என்று வருகிறவரின் நகக்கண்ணில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். நகத்தோரத் தோலுக்கடியில் நுண்குழாய்கள் கொண்டை ஊசிகளாக ஒழுங்காக நிற்க வேண்டும். ஊசிகள் ஊதிப்போயோ, இடையிடையே காணாமலோ, ரத்தம் கசிந்தோ இருந்தால் ஸ்க்ளீரோடெர்மா வந்துகொண்டிருக்கலாம். குழாய்களும் ஒழுங்கு, ஏ.என்.ஏ.வும் நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் கவலையில்லை.

நோய் எப்போது தொடங்குகிறது என்பதற்குக் கிடைத்த மிகச் சிறந்த சான்று ஒரு ராணுவக் கிடங்கிலிருந்து வந்தது. அமெரிக்கப் படையில் சேருகிறவர்களிடம் எடுத்த ரத்தத்தின் சீரத்தைக் காலமுறையில் சேர்த்து உறையவைத்து வருகிறார்கள். பிற்காலத்தில் லூபஸ் வந்த 130 பேரின் பழைய குப்பிகளைத் தேடி எடுத்துப் பரிசோதித்த ஆய்வு 2003-இல் வெளியானது. 115 பேருக்கு, நோய் கண்டறியப்படுமுன்பே ஏதாவது ஓர் ஆன்டிபாடி இருந்தது; ஒருவருக்கு ஒன்பது ஆண்டுக்கும் முன்பே. அவை வந்த வரிசையும் தற்செயலானது அல்ல. ஏ.என்.ஏ., ரோ, லா முதலில், டி.என்.ஏ. ஆன்டிபாடி பின்னர், எஸ்.எம்., ஆர்.என்.பி. கடைசியாக, நோய் கண்டறியப்பட ஓராண்டு இருக்கும் சமயத்தில். அவர்கள் அந்த ஆண்டுகளில் எல்லாம் அணிவகுப்பில் ஓடிக்கொண்டிருந்த ஆரோக்கியமான சிப்பாய்கள். அவர்களை எந்தப் பெட்டியில் போடுவது?

ஐ.சி.டி.யின் பதினொன்றாம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நம்முடைய பல மருத்துவமனைகள் இன்னும் பத்தாம் பதிப்பில்தான் எண் போடுகின்றன. புதியதில் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கென்று தனி அத்தியாயம் உண்டு. லூபஸ், ஸ்க்ளீரோடெர்மா, ஷோக்ரென், தசை அழற்சி எல்லாம் அங்கே குடிபோய்விட்டன. இணைப்புத் திசு பாதிப்பு என்ற தலைப்பு மார்ஃபானுக்கும் எலர்ஸ்-டான்லோஸுக்கும் கிடைத்திருக்கிறது. க்ளெம்பெரரின் கறை படிந்த ஏற்பாட்டைத் திருத்த எண்பது ஆண்டு ஆயிற்று.

இந்த ஏற்பாடும் நிலைக்கும் என்று தோன்றவில்லை. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 2021-இல் கியார்க் ஷெட் குழுவினர், கடுமையான லூபஸ் உள்ள ஓர் இளம்பெண்ணின் டி செல்களை வெளியே எடுத்து, ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்களின் வம்சத்தை அழிக்கும்படி மரபணுவை மாற்றி, திரும்ப உடம்பில் ஏற்றினார்கள். ரத்தப் புற்றுநோய்க்கு ஏற்பட்ட கார்-டி சிகிச்சை இது. 2024-இல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பில் 15 பேர்: 8 பேருக்கு லூபஸ், 3 பேருக்குத் தசை அழற்சி, 4 பேருக்கு ஸ்க்ளீரோடெர்மா. லூபஸ் அடங்கியது, தசை வலு திரும்பியது, ஸ்க்ளீரோடெர்மாவின் வேகம் குறைந்தது. பழைய மருந்துகளை நிறுத்தியும் அப்படியே இருந்தார்கள். பதினைந்து பேரை வைத்து முடிவு கட்டக் கூடாது. செலவும் சாமானியரின் கைக்கு எட்டுவதல்ல. ஆனாலும் மூன்று பெயர்கள் உடைய நோய்கள் ஒரே செல்லை அகற்றியதும் தணிகின்றன என்றால், நாளைக்கு உறுப்பையும் கறையையும் ஆன்டிபாடியையும் விட்டுவிட்டு, எந்தச் செல் கெட்டுப்போனது என்று கேட்டுப் பிரிக்கும் காலம் வரலாம். கார்ட்டிசோன் காலத்திலும் ஒரே மருந்து கேட்டதால்தான் ஒரே குடும்பம் என்றார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

அது வரும்போது வரட்டும். 1950-களில் லூபஸ் என்று தெரிந்தவர்களில் பாதிப் பேர் ஐந்தாண்டு தாண்டவில்லை. இன்று நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் தாண்டுகிறார்கள். வகைப்பாடு சரியாகும்வரை யாரும் காத்திருக்கவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். சிறுநீரகத்தைச் சீக்கிரம் பார்த்தார்கள், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்தார்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதிப்பெண் பட்டியலின் விதி ஒன்று, அறிகுறிகள் எல்லாம் ஒரே சமயத்தில் இருக்கத் தேவையில்லை என்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் குறைந்த தட்டணுவுக்கும், போன தீபாவளி சமயத்தில் இதய உறையில் கோத்த நீருக்கும் இன்று மதிப்பெண் உண்டு, எழுத்தில் இருந்தால். ஆகவே பழைய ரிப்போர்ட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தேதி வாரியாக அடுக்கி, டாக்டரிடம் போகும்போது கடைசி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போகாமல், கட்டை முழுதாகக் கொண்டுபோய் மேசைமேல் வையுங்கள். முகத்தில் வந்து மறைந்த தடிப்பையும் நிறம் மாறிய விரலையும் வந்த அன்றே செல்போனில் படம் எடுத்து வையுங்கள்; நீங்கள் போகும் நாளில் அது இருக்காது.